காவிரியின் பெருமீனும் தூண்டிற்கலையும்

மைசூர் நகரத்து மண்டி மொஹல்லாவில் குடியிருக்கும் தமிழருக்கு அவ்விடத்தின் பெயரில் பாதி முன்பே பழக்கமானது. அரிசி மண்டி, வெங்காய மண்டி என்று நம் ஊர்களிலும் வழங்குகிறோம். மொஹல்லா என்பது பேட்டை. அங்கிருந்து வடக்கே சென்றால் சீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் காணலாம். தெற்கே சென்றால் நஞ்சன்கூட்டில் கபினியைக் காணலாம். இவ்விரண்டும் திருமகூடல் நரசிபுரத்தில் ஒன்றாகின்றன. காவிரியின் நீரைப் பற்றி நாம் பேசாத நாள் இல்லை. அந்நீரில் வாழும் மீனைப் பற்றிப் பேசுவோர் அரியர். உலகத்துத் தூண்டிற்காரரையெல்லாம் நூறாண்டுகளுக்கு மேலாக மைசூர்ச் சீமைக்கு ஈர்த்த மாசீர் என்னும் பெருமீனின் வரலாற்றை இங்கே காண்போம்.

தூண்டில் நமக்குப் புதியதன்று. வள்ளுவர் சூதின் கேட்டை விளக்க வந்தபோது, தூண்டிலை விழுங்கிய மீனையே உவமையாகக் கொண்டார். கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில், மீன்பிடி விளையாட்டுக்கெனத் தனிப்பகுதியே உண்டு. மீன்களின் வகைகளையும், தூண்டிற்கோல், கயிறு, முள் ஆகியவற்றையும், எம்மீனுக்கு எவ்விரை ஏற்றது என்பதையும் அம்மன்னன் வகுத்துரைக்கின்றான். மாவுருண்டையை விரும்பும் மீன் வேறு, ஊனை விரும்பும் மீன் வேறு என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான். மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951-இல் இப்பகுதியை ஆராய்ந்து வெளியிட்டார். ஆகவே தூண்டிற்கலை வெள்ளையர் கொண்டுவந்தது என்று எண்ணுவது பிழையாகும்.

ஆயினும் மாசீரின் புகழை உலகறியச் செய்தவர்கள் ஆங்கிலேயரே. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவது பற்றி 1873-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் மாசீருக்கே முதன்மை தந்தார். இம்மீன் கெண்டையினத்தைச் சேர்ந்தது. தாடையில் இதற்குப் பல் இல்லை. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. நண்டையும் நத்தையையும் அவற்றால் நொறுக்கி உண்ணும். வாயின் பிடியோ இரும்பையும் வளைக்க வல்லது. சாதாரணத் தூண்டில் முள்ளைக் கடித்து நசுக்கிவிட்டுச் செல்லும் என்பது தூண்டிற்காரர் அனைவரும் கண்டறிந்த செய்தி. பாறைகளுக்கிடையே பாயும் விரைந்த நீரில், இரையைப் பற்றியதும் அது ஒரே ஓட்டமாக நூறு கெஜத்துக்கு மேலும் ஓடும். உருளையில் போதிய நூல் இல்லாதவன் கோலையும் இழக்க நேரிடும்.

1919-ஆம் ஆண்டு டிசம்பரில் மேஜர் ரிவெட்-கர்னாக் என்பவர் காவிரியில் 119 இராத்தல் எடையுள்ள மாசீரைப் பிடித்தார். 1946 மார்ச் 22 அன்று கபினியாற்றில் டி வெட் வான் இங்கன் பிடித்த மீன் 120 இராத்தல், அதாவது ஏறக்குறைய 54 கிலோ. இவர் மைசூரில் வேட்டை விலங்குகளின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளவைபோல் அமைத்துத் தந்த வான் இங்கன் குடும்பத்தினர். மன்னர்களின் புலிகளும் சிறுத்தைகளும் அக்குடும்பத்தின் தொழிற்கூடத்துக்கே வந்தன. அக்காலத்தில் மீனும் வேட்டைப் பொருளாகவே கருதப்பட்டது. பிடித்த மீனைக் கழியில் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று நிழற்படம் எடுப்பதோடு அதன் கதை முடிந்தது.

இனி இரையையும் கருவியையும் பற்றிச் சிறிது கூறுவோம். காவிரிக் கரையில் பெயர்பெற்ற இரை எது என்று கேட்டால் நீங்கள் வியப்பீர்கள். மைசூர் உழவனின் அன்றாட உணவாகிய கேழ்வரகே அது. மாவைக் கெட்டியாகப் பிசைந்து, உருட்டி, கொதிநீரில் வேகவைத்தால், நீரோட்டத்தில் கரையாத உறுதியான உருண்டை கிடைக்கும். சோம்பு முதலிய மணப்பொருள்களைச் சேர்ப்பதும் உண்டு. எலுமிச்சையளவோ அதனினும் பெரிதாகவோ உருட்டி முள்ளில் பொதிவர். ஆற்று நண்டும் சிறுமீனும் மற்ற இரைகள். நீர் அடித்துச் செல்லாதபடி ஈயத்தகட்டை நூலில் சுற்றுவர். ஈயக் குண்டு பாறையிடுக்கில் சிக்கும். தகடோ எளிதில் நழுவி வரும். மீன் ஓடும் திசையில் துரத்திச் செல்லப் பரிசல் வேண்டும். மூங்கிலால் பின்னித் தோல் போர்த்த அந்த வட்டத் தோணியைச் சுழல்களுக்கிடையே செலுத்தும் கைத்திறன் காவிரிக்கரை மக்களுடையது. கோலைப் பிடித்தவர் பெயர் ஏடுகளில் ஏறிற்று. பரிசலைச் செலுத்தியவர் பெயரை எழுதுவார் இல்லை.

விடுதலைக்குப் பின் மாசீரைப் பலர் மறந்தனர். 1977–78-இல் இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர் சிலர் காவிரியில் 92 இராத்தல் மீனைப் பிடித்துக் காட்டியதும் பழைய ஆர்வம் திரும்பிற்று. 1972-இல் தோன்றிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காத்தது. பின்னர் கர்நாடக அரசின் நிறுவனம் ஒன்று பீமேசுவரி, தொட்டமக்களி, காலிபோரே ஆகிய இடங்களில் முகாம்கள் அமைத்தது. அங்கே ஒரு புதிய நெறி நிலைபெற்றது: பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடவேண்டும். முன்பு வெடிவைத்து மீன் பிடித்தவர்களுள் சிலரே வழிகாட்டிகளாகவும் காவலராகவும் மாறினர்.

மீனைத் திரும்ப விடுவது எளிதென்று எண்ணிவிடலாகாது. நெடுநேரம் போராடிய மீன், மூச்சிரைக்க ஓடிய மனிதனைப்போல் களைத்திருக்கும். அதன் உடலைக் காக்கும் வழவழப்பான பூச்சு உலர்ந்த கையாலும் சுடுமணலாலும் அழியும். எனவே கையை நனைத்துக்கொண்டே தொடவேண்டும். இயன்றவரை நீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுக்கவேண்டும். வயிற்றைத் தாங்காமல் வாயைப் பற்றித் தூக்கினால் உள்ளுறுப்புகள் கெடும். விடும்போது தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாகவே வாலசைத்துச் செல்லும்வரை பொறுத்திருக்கவேண்டும். வெயில் காலத்து நீரில் உயிர்வளி குறைவு. அப்போது இப்பொறுமை இன்னும் மிகுதியாக வேண்டும்.

இவ்வளவு அன்போடு காத்த மீனுக்கு நேர்ந்தது என்ன? இங்கேதான் வரலாறு நம்மைத் திகைக்க வைக்கிறது. லோனாவாலாவில் டாட்டா நிறுவனத்தார் 1970-களில் மாசீரைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்தனர். அக்குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. ஆனால் அவை 1839-இல் சைக்ஸ் என்பவர் தக்காணத்து ஆறுகளிலிருந்து விவரித்த நீலத்துடுப்பு மாசீர். காவிரிக்கு உரிய கூன்முதுகு மாசீர் அன்று. நன்மை கருதியே செய்தனர். ஆயினும் வந்த மீன் பெருகிற்று. உரிய மீன் அருகிற்று. காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டிற்காரர் வைத்திருந்த குறிப்புகள் இதற்குச் சான்று. 23,620 மணிநேரத் தூண்டில் முயற்சியில் பிடித்து விடப்பட்ட 6,161 மாசீர்களின் கணக்கு அது. நீலத்துடுப்பு மீன் ஏறியதையும் கூன்முதுகு மீன் வீழ்ந்ததையும் அக்கணக்கே காட்டிக்கொடுத்தது.

இன்னொரு விந்தையும் உண்டு. நூறாண்டுகளுக்கு மேலாக உலகறிந்த அக்கூன்முதுகு மீனுக்கு உறுதியான அறிவியற் பெயர் 2018 வரை இல்லை. கேரளத்துப் பாம்பாற்றில் கண்டறிந்து டோர் ரேமாதேவி என்று பெயரிடப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே என்று அவ்வாண்டில் ஆய்வாளர் நிறுவினர். பெயர் நிலைத்த அதே ஆண்டில், அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் என்ற பட்டியலிலும் சேர்ந்தது.

2012 அளவில் சரணாலயப் பகுதியிலிருந்த முகாம்களில் தூண்டிலிடுவது நின்றது. காப்புக்காட்டில் விளையாட்டுக்கு இடமில்லை என்பது ஒரு சாரார் கருத்து. தூண்டிற்காரர் போனதும் காவலும் போயிற்று, வெடிவைப்போருக்கு வழி திறந்தது என்பது மற்றொரு சாரார் முறையீடு. இரண்டிலும் பொருளுண்டு. ஆனால் அணைகளும் வெடிகளும் அயல்மீனும் செய்த கேட்டுக்கு முன் தூண்டில் முள் சிறியதே என்பது நம் கருத்து.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. கூன்முதுகு மாசீர் நம் தமிழ்நாட்டு மோயாற்றில் இன்னும் எஞ்சியிருப்பதாக அதே 2018 ஆய்வு தெரிவித்தது. மோயாறு பவானியில் கலக்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. ஆற்றுக்கு எல்லைக்கோடு தெரியாது, மீனுக்கும் தெரியாது. பிறந்த நாட்டை விட்டுக் காவிரியின் மேற்கரையில் வாழும் நாம் இவ்விரு நாட்டுக்கும் உரியவர்கள். நீரில் நமக்குள்ள பங்கை எண்ணும்போது, அந்நீரையே வீடாகக் கொண்ட இம்மீனுக்கும் ஒரு பங்கு உண்டென்பதை மறவாதிருப்போமாக.