பத்து சதவீத விதியும் நான் குறைத்த ஒரு மதிப்பெண்ணும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள். என்னிடம் பிளஸ் டூ தாவரவியல் படித்தவர்கள் மட்டும் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும். உங்களுக்கு நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளும் இப்போது பிளஸ் டூ. சூழல்மண்டலப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, இந்த லிண்ட்மேன் யாரு?" என்று கேட்டாள். "பத்து சதவீத விதியைச் சொன்னவர், 1942" என்றேன். "அது புக்லயே இருக்கு. அவர் யாருன்னு கேக்குறேன்" என்றாள். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதியவன் நான். பதில் தெரியவில்லை. ஏதோ நரைத்த தாடி வைத்த பேராசிரியர் என்றே மனதில் வைத்திருந்தேன்.

அவளே செல்போனில் தேடி அந்த மூலக் கட்டுரையை எடுத்துக் கொடுத்தாள். மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். அவரைப் பற்றிப் பிறர் எழுதியதையும் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

ரேமண்ட் லிண்ட்மேன் 1915-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். ஒரு கண்ணில் பார்வை சரியில்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர், செடார் போக் என்ற சின்ன ஏரியை எடுத்துக்கொண்டார். ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைத்துவிடாதீர்கள். ஆழம் ஒரு மீட்டர்தான் இருக்கும். வண்டல் சேர்ந்து, ஓரமெல்லாம் தூர்ந்து, சதுப்பாக மாறிக்கொண்டிருந்த ஒரு கிழட்டு ஏரி. அதில் ஐந்து வருடம் வேலை செய்தார். மனைவி எலினாரும் கூடவே இருந்து உதவினார். மிதக்கும் பாசி, நீர்த்தாவரம், நுண்ணுயிர், புழு, பூச்சி, மீன் என்று ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது, எது எதைத் தின்கிறது என்று கணக்கெடுத்தார். குளிர்காலத்தில் அந்த ஏரி மேலே உறைந்துவிடும். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது சேற்றுக்குள் இருக்கும் புழுக்களில் எவை தாக்குப்பிடிக்கின்றன என்பதற்குக்கூடத் தனியாகச் சோதனை செய்து பார்த்திருக்கிறார்.

அதுவரை ஏரியை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் பட்டியல் போட்டார்கள். இத்தனை வகைப் பாசி, இத்தனை வகை மீன் என்று. இங்கிலாந்துத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 1935-ல் 'எக்கோசிஸ்டம்' என்ற சொல்லைக் கொடுத்திருந்தார். உயிருள்ளதையும் உயிரற்றதையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார் என்றார் அவர். லிண்ட்மேன் அதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். பாசியையும் மீனையும் எண்ணிக்கையில் ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டையும் கலோரியாக மாற்றிவிட்டால் ஒரே கணக்கில் எழுதிவிடலாம். வரவு வெயில். செலவு சுவாசம், தின்னப்படுவது, செத்து மட்குவது.

அவருடைய கணக்கு இதுதான். அந்த ஏரியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஓராண்டில் விழுந்த வெயில் ஏறத்தாழ 1,19,000 கலோரி. அதில் தாவரங்கள் பிடித்து வைத்தது வெறும் 111 கலோரி. அதாவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அவற்றைத் தின்னும் உயிர்களுக்குப் போய்ச் சேர்ந்தது 15 கலோரிக்குச் சற்றுக் குறைவு. அவற்றையும் தின்னும் ஊனுண்ணிகளுக்கு 3 கலோரி. வகுப்பில் நான் புலி ஏன் குறைவாக இருக்கிறது என்று கேட்பேனே, அதற்கான விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் செய்தார். ஏரியில் எது எதற்கு உணவு என்று ஒரு படம் வரைந்தார். அதன் நடுவில் அவர் வைத்தது மீனை அல்ல, அடியில் கிடக்கும் சேற்றை. செத்ததெல்லாம் அங்கேதான் போகிறது. பாக்டீரியா அதைச் சிதைக்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் கரைந்து மறுபடி பாசிக்கு வருகின்றன. கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டிய நம் தாத்தாக்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் அதை ஒரு கோட்பாடாக எழுதியது புதிது. ஆற்றல் ஒருவழிப் பாதை: வெயிலாக வந்து வெப்பமாகப் போய்விடும், திரும்பாது. சத்துகள் மட்டும் சுற்றிச் சுற்றி வரும். இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் உங்களை எத்தனை தடவை எழுத வைத்திருப்பேன்!

1941-ல் முனைவர் பட்டம் வாங்கி, யேல் பல்கலைக்கழகத்தில் ஹட்சின்சன் என்ற அறிஞரிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே கட்டுரையைச் செம்மைப்படுத்தி 'எக்காலஜி' இதழுக்கு அனுப்பினார். மதிப்பீட்டுக்குப் போனது இரண்டு பெரிய ஏரி ஆராய்ச்சியாளர்களிடம், பால் வெல்ச், சான்சி ஜூடே. இருவருமே வேண்டாம் என்றார்கள். கோட்பாடு அதிகம், தரவு போதாது என்பது குறை. இதில் வேடிக்கை என்னவென்றால், லிண்ட்மேன் தன் ஏரியோடு ஒப்பிட எடுத்துக்கொண்ட மெண்டோட்டா ஏரியின் கணக்கு ஜூடே சேகரித்ததுதான். ஹட்சின்சன் விடவில்லை. இதழாசிரியர் தாமஸ் பார்க்குக்குக் கடிதம் எழுதி வாதாடினார். லிண்ட்மேன் திருத்தி எழுதினார். பார்க் துணிந்து ஏற்றுக்கொண்டார்.

அச்சாகி வருவதற்குள் லிண்ட்மேன் இல்லை. வெகுநாளாகக் கல்லீரல் நோய். 1942 ஜூன் 29 அன்று இறந்துவிட்டார். 27 வயது நிறைய இன்னும் 25 நாள் இருந்தது. கட்டுரை அக்டோபரில் வந்தது. அதன் கடைசியில் ஹட்சின்சன் ஒரு சிறு குறிப்பு எழுதிச் சேர்த்திருக்கிறார், இதை எழுதியவர் காலமாகிவிட்டார் என்று. அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மாணவர்களில் பலருக்கு இப்போது அவரைவிட இரண்டு மடங்கு வயது.

இனி திருத்தத்துக்கு வருகிறேன்.

அந்தக் கட்டுரையில் 'பத்து சதவீத விதி' என்று ஒன்று இல்லவே இல்லை. அவர் ஏரியில் தாவரத்திலிருந்து அடுத்த படிக்குப் போனது 13 சதவீதம். அதற்கும் மேல் படிக்கு 20-க்கு மேல். மேலே போகப் போக ஆற்றலைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறதோ என்று அவர் நினைத்தார். பிறகு ஹட்சின்சனின் இன்னொரு மாணவரான ஹோவர்ட் ஓடம், புளோரிடாவில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றில் அளந்து 1957-ல் எழுதினார். அங்கே ஒரு சதுர மீட்டருக்கு ஓராண்டில் தாவரம் சேர்த்தது 20,810 கிலோ கலோரி. அடுத்தடுத்த படிகளுக்குப் போனது 3,368, பிறகு 383, பிறகு 21. வகுத்துப் பாருங்கள். 16, 11, 5 என்று இறங்குகிறது. லிண்ட்மேன் நினைத்ததற்கு நேர் எதிர். பத்து என்பது பின்னால் வந்தவர்கள் நினைவில் வைக்க வசதியாகச் சொன்ன தோராயம். அந்தத் தோராயத்தை விதியாக்கி அவர் தலையில் கட்டிவிட்டோம்.

சத்துச் சுழற்சியையும் பிறகு அளந்து பார்த்தார்கள். நியூ ஹாம்ஷயரில் ஹப்பார்ட் புரூக் காட்டில் போர்மன், லைக்கன்ஸ் குழுவினர் 1965 கடைசியில் 15.6 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் மரங்களை வெட்டினார்கள். களைக்கொல்லி அடித்து எதையும் துளிர்க்கவும் விடவில்லை. மண்ணிலிருந்த நைட்ரேட் கரைந்து ஓடையில் போய்விட்டது. குடிநீருக்கு அனுமதித்த அளவையே தாண்டியது. பிடித்துவைக்க வேர் இல்லையென்றால் சுழற்சி அறுந்துவிடும் என்று அப்போது கண்ணால் பார்த்தார்கள்.

இப்போது என் கதை. பல வருடம் முன்பு ஒரு மாணவி அரையாண்டுத் தேர்வில், "இது ஏறக்குறைய பத்து சதவீதம், இடத்துக்கு இடம் மாறும்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்து ஒரு மதிப்பெண் குறைத்தேன். பேப்பரைக் கொண்டுவந்து, "ஏன் சார், காட்டுலயும் குளத்துலயும் ஒரே மாதிரியா இருக்கும்?" என்று கேட்டாள். "புத்தகத்தில் இருக்கறதை எழுதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். லிண்ட்மேன் ஐந்து வருடம் சேற்றில் நின்று கேட்ட கேள்வி அதுதான். அவர் கேள்வியை நான் விடையாக மாற்றி, அதே கேள்வியைக் கேட்ட பிள்ளையின் வாயை அடைத்திருக்கிறேன்.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். "அப்போ பரீட்சையில என்ன எழுத தாத்தா?" என்றாள். பத்து என்றே எழுது, மார்க் போய்விடும் என்றேன். ஆனால் பக்கத்தில் 'சராசரியாக' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள் என்றும் சொன்னேன்.

அந்த மாணவி இந்தப் பதிவைப் பார்த்தால், அம்மா, நீ எழுதியதுதான் சரி. அந்த ஒரு மதிப்பெண் என் கணக்கில் பாக்கி நிற்கிறது. உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். பிள்ளைகள் "ஏன் சார்" என்று கேட்டால், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். எனக்கு அதைச் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.