பழைய செயின்சா வாங்கப் போறீங்களா? முதல்ல அதோட வயசைக் கேளுங்க

1)
"செயின்சாவைக் கண்டுபிடிச்சதே பிரசவம் பார்க்கத்தான்!" இப்படி ஒரு வீடியோ வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது சுத்தி வரும். கீழே "டாக்டர், இது நிஜமா?" என்று ஒரு கேள்வி.

இன்னொரு பக்கம், "விறகு அறுக்க செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய செயின்சா கம்மி விலைக்கு வருது, வாங்கலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு.

ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே வரலாற்றுக்குள்ள இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2)
முதல் கேள்வி. பாதி உண்மை.

18-ம் நூற்றாண்டில் சிசேரியன் என்றால் தாய்க்கு ஏறக்குறைய மரண தண்டனைதான். மயக்க மருந்து கிடையாது, கிருமி பற்றிய அறிவு கிடையாது. குழந்தை இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டால் வேறு என்ன வழி?

1777-ல் பாரிஸில் சிகோ என்ற மருத்துவர் இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பைக் கத்தியால் பிளந்து வழியை அகலமாக்கினார். தாயும் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. ஆனால் அந்தத் தாய்க்கு நடை பாதிக்கப்பட்டது, சிறுநீர்க் கசிவும் நிற்கவில்லை.

3)
இந்த வேலைக்கும், சீழ் பிடித்த மூட்டெலும்பை வெட்டி எடுக்கவும் ஸ்காட்லாந்தில் ரெண்டு பேர் ஒரு ரம்பத்தை யோசித்தார்கள். எடின்பரோவில் ஜான் எய்ட்கன், கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஜெஃப்ரே. எய்ட்கனின் 1785-ம் வருடப் பிரசவ மருத்துவ நூலில் இதன் படமே இருக்கு.

கடிகாரச் சங்கிலி மாதிரி மெல்லிய சங்கிலி, ஒரு ஓரத்தில் பல், ரெண்டு முனையிலும் கைப்பிடி. எலும்பைச் சுற்றிக் கொடுத்து, கையால் மாறி மாறி இழுக்கணும். அவ்வளவுதான். மோட்டாரும் இல்லை, புகையும் இல்லை. வீடியோவில் காட்டும் பூதம் இது இல்லை.

4)
1830-ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பெர்ன்ஹார்ட் ஹைனே ஒரு படி மேலே போனார். ஒரு தகட்டின் விளிம்பில் சங்கிலி ஓடும், கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி சுற்றும். இன்றைய செயின்சாவின் உருவம் அப்படியே இதில் தெரியும்.

1894-ல் இத்தாலிய மகப்பேறு மருத்துவர் ஜிக்லி முறுக்கிய கம்பியால் ஒரு ரம்பம் செய்தார். விலை குறைவு, வேலை சுலபம். சங்கிலி ரம்பம் அறுவை அரங்கை விட்டு வெளியேறியது.

மரம் அறுக்கும் செயின்சா பிறந்தது தனிக் கதை.

5)
1926, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட். ஆண்ட்ரியாஸ் ஸ்டில் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பம் செய்தார். எடை 48 கிலோ. அடுத்த வருடம் எமில் லெர்ப் என்பவர் டோல்மார் என்ற மலையில் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்தார். அது 58 கிலோ! அந்த மலையின் பெயரே கம்பெனிக்கும் பெயராச்சு.

ரெண்டு ஆள் தூக்கினால்தான் ஓடும். ஒருத்தர் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்கவே முடியாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

6)
அடுத்து சங்கிலி. பழைய சங்கிலிகளின் பல் மரத்தைச் சுரண்டும். சீக்கிரம் மொக்கையாகும்.

1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், ஒரு கட்டையை வண்டுப் புழு குடைவதைக் கவனித்தார். அது இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டே போனது. அதே மாதிரி வளைந்த பற்களோடு ஒரு சங்கிலி செய்தார். இன்று நீங்க வாங்கும் எந்தச் சங்கிலியும் அந்தப் புழுவின் வாரிசுதான்.

7)
எடையும் குறைந்தது. 1949-ல் அமெரிக்க மெக்கல்லக் கம்பெனியின் ரம்பம் 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம். 1950-ல் ஸ்டில் ஒரு ஆள் பிடிக்கும் 16 கிலோ ரம்பத்தைக் கொண்டுவந்தது. 1959-ல் அதே கம்பெனியின் கான்ட்ரா, 12 கிலோ.

கோடாலியைத் தூக்கிப் போட்டார்கள் தொழிலாளர்கள். சம்பளம் கூடியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

8)
சில குளிர்காலங்கள் போனதும் விரல்கள் வெளுக்க ஆரம்பித்தன.

காலையில் குளிரில் வெளியே வந்தால் விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகும். கோடு போட்ட மாதிரி வெள்ளை ஒரு இடத்தில் நிற்கும். உணர்ச்சி இருக்காது. ரத்தம் திரும்பும்போது எரியும். நாளாக ஆக சட்டைப் பட்டன் போட முடியாது, சில்லறை எண்ண முடியாது.

9)
என்ன நடக்கிறது? எஞ்சினின் அதிர்வு கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வருது. வருடக்கணக்கில் அந்த அதிர்ச்சி பட்டுப் பட்டு, விரலின் சின்ன ரத்தக்குழாய்களும் நரம்புகளும் பழுதாகின்றன. அதற்குப் பிறகு லேசான குளிர் பட்டாலே குழாய் இறுக மூடிக்கொள்ளும். புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் மோசம், ஏன்னா நிகோட்டினும் அதே குழாயைத்தான் சுருக்கும்.

ஆரம்பத்தில் வேலையை நிறுத்தினால் ஓரளவு மீளலாம். முற்றிய பிறகு மீட்பது கடினம்.

10)
இதில் ஒரு மருத்துவனாக என்னைக் கோபப்படுத்தும் விஷயம் ஒன்று இருக்கு. இது புது நோயே கிடையாது.

குளிரில் விரல் வெளுப்பதை 1862-லேயே மாரிஸ் ரேனாட் விவரித்துவிட்டார். 1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவின் இண்டியானாவுக்குப் போய், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளர்களின் வெளுத்த விரல்களைப் பார்த்து அரசுக்காக ஆய்வறிக்கை எழுதினார். அதிரும் கருவி விரலைக் கொல்லும் என்பது, காட்டுக்கு ஒற்றையாள் செயின்சா வருவதற்கு 30 வருடம் முன்பே தெரியும்!

11)
அப்புறம் ஏன் யாரும் தடுக்கவில்லை? எல்லாருடைய கண்ணும் எடை மேல் இருந்தது. எடையைக் குறைக்க சின்ன எஞ்சினை அதிக வேகத்தில் சுற்றவிட்டார்கள். கைப்பிடியை நேராக எஞ்சினோடு போல்ட் போட்டு முடுக்கினார்கள். ரம்பம் இலகுவானதால் ஒரே ஆள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிடித்தார். 58 கிலோ இரும்பு இருந்த காலத்தில் இது நடந்திருக்காது.

12)
ஜப்பானில் 1954-ல் பெரும்புயல் ஒன்று ஹொக்கைடோ காடுகளைச் சாய்த்துப் போட்டது. விழுந்த மரங்களை அகற்ற செயின்சாக்கள் இறங்கின. வர்தா, கஜா புயல்களுக்குப் பிறகு நம்ம ஊரிலும் தெருத்தெருவாக இந்தச் சத்தம் கேட்டது நினைவிருக்கும்.

1960களில் ஜப்பானின் அரசுக் காட்டுத் தொழிலாளர்களுக்கு விரல் வெளுப்பது பெரிய பிரச்சினையாக வெடித்தது. "வெள்ளை மெழுகு நோய்" என்றே அதற்குப் பெயர் வந்தது. பிறகுதான் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் செயின்சா பிடிக்கக் கூடாது என்ற உச்சவரம்பு வந்தது.

13)
தீர்வு என்ன தெரியுமா? சில ரப்பர் துண்டுகள்!

1960களின் இரண்டாம் பாதியில் ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற கம்பெனிகள் கைப்பிடியையும் எஞ்சினையும் பிரித்து, நடுவில் ரப்பர் தாங்கிகளை வைத்தன. பின்னால் சிலவற்றில் ஸ்பிரிங் வந்தது.

பலன்? ஃபின்லாந்தின் சுவோமுஸ்ஸல்மி பகுதியில் காட்டுத் தொழிலாளர்களைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். 1972-ல் 40% பேருக்கு வெள்ளை விரல். 1990-ல் 5%. மாத்திரை மருந்து எதுவும் இல்லை. ரம்பம் மாறியது, நோய் குறைந்தது.

14)
இன்னொரு ஆபத்து, கிக்பேக்.

செயின் ஓடும் நீளமான தகட்டுக்கு பார் என்று பெயர். ஓடும்போது அதன் மூக்கு நுனியின் மேல்பாதி ஒரு கிளையிலோ கட்டையிலோ பட்டால், சங்கிலி கடித்துக்கொண்டு பாரையே மேலே, உங்க முகத்தை நோக்கித் தூக்கி எறியும்.

கண் பார்த்து, மூளை புரிந்து, கை அசைய கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். பார் அதற்குள் வந்துடும். "நான் ஜாக்கிரதையா இருப்பேன்" என்பது இங்கே எடுபடாது.

15)
அதனால்தான் 1970களின் தொடக்கத்தில் செயின் பிரேக் வந்தது. முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு. ரம்பம் எகிறினால் மணிக்கட்டு அதில் இடிக்கும், சங்கிலி நிற்கும். பிறகு கை படாமலே, எகிறும் வேகத்திலேயே தானாக விழும் பிரேக்குகள் வந்தன.

1985-ல் அமெரிக்காவில் கிக்பேக்கைக் கணக்கில் எடுத்த தரநிர்ணயம் வந்தது. அதே 1985-ல் பிரிட்டன் வெள்ளை விரலை இழப்பீட்டுக்குரிய தொழில் நோயாக ஏற்றது.

16)
இப்ப ரெண்டாவது கேள்விக்கு வரலாம். "பழைய செயின்சா வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனா "எந்த பிராண்டு" என்பதற்கு முன்னால் "எந்தக் காலத்து மெஷின்" என்று கேளுங்க. தோராயமான கணக்கு இது:

1970க்கு முந்தையது: அலமாரியில் வைக்க அழகா இருக்கும். விறகு அறுக்க வேண்டாம்.
1970கள், 80களின் தொடக்கம்: ஒண்ணு இருக்கும், ஒண்ணு இருக்காது. ஒவ்வொன்றாகப் பார்க்கணும்.
80களின் கடைசிக்குப் பிறகு வந்த நல்ல கம்பெனி மெஷின்: தேட வேண்டியது இதைத்தான்.

17)
வீட்டு விறகுக்கு 40 முதல் 50 சிசி, 16 அங்குல பார், 5 கிலோவை ஒட்டிய எடை போதும். ஸ்டில் 026, ஹஸ்க்வர்னா 51 மாதிரியானவை இந்த வேலைக்கு வெளிநாடுகளில் பேர் போன பழைய மாடல்கள்.

பெரிய மெஷின் சல்லிசா வருதுன்னு 70 சிசி வாங்காதீங்க. எடை கூடினால் கை சீக்கிரம் சோரும். சோர்ந்த கையில்தான் பெரும்பாலும் விபத்து.

18)
வாங்குமுன் பரிசோதனை. நாங்க நோயாளியைப் பார்க்கிற மாதிரிதான்:

அ) ஒரு கையில் கைப்பிடியையும் இன்னொரு கையில் பாரையும் பிடித்து அசைங்க. எஞ்சின் பகுதி லேசாகத் தனியே அசையணும். அசையவே இல்லைன்னா அதிர்வுத் தடுப்பு இல்லை. லொடலொடன்னு ஆடினா ரப்பர் கிழிஞ்சு போச்சு. ரப்பர் கிடைக்குமான்னு விசாரிச்சு விலை பேசுங்க.

ஆ) ஸ்டார்ட் பண்ணி, செயின் பிரேக் போட்டு, ஒரு நொடி ஆக்சிலரேட்டர் கொடுங்க. சங்கிலி அசையக் கூடாது.

இ) எஞ்சினை அணைச்சிட்டு, பிரேக்கை விடுவிச்சு, பின் கைப்பிடியை மட்டும் பிடிச்சு, பார் நுனியை ஒன்றரை அடி உயரத்திலிருந்து மரக்கட்டை மேல விழ விடுங்க. தானியங்கி பிரேக் "டக்"குன்னு விழணும்.

19)
ஈ) ஆக்சிலரேட்டருக்கு மேலே ஒரு பூட்டு விசை இருக்கணும். அதை அழுத்தாமல் ஆக்சிலரேட்டர் இழுபடக் கூடாது. அணைக்கும் சுவிட்ச் வேலை செய்யணும். சங்கிலி அறுந்தால் பிடிக்கும் கொக்கி பாருக்குக் கீழே இருக்கணும்.

உ) ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்க. மெதுவா, விட்டு விட்டு இறங்கினால் கம்ப்ரஷன் பரவாயில்லை. சர்ருன்னு இறங்கினால் எஞ்சின் தேய்ந்திருக்கு.

ஊ) முடிந்தால் சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்க. மெஷினுக்கு எண்டோஸ்கோபி! செங்குத்தான ஆழமான கீறல் இருந்தால் ஆயில் சரியாகக் கலக்காமல் ஓட்டியிருக்காங்க. வேண்டாம்.

20)
எரிபொருள் குழாயையும் பாருங்க. நம்ம ஊர் பங்குகளில் இப்போது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய மெஷினின் ரப்பர் குழாயும், கார்புரேட்டர் டயஃப்ரமும் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. இவற்றை மாற்றும் செலவைச் சேர்த்தே விலையைக் கணக்குப் போடுங்க. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி பண்ணி வைங்க.

செயின் பிரேக் இல்லை, உடைஞ்சிருக்கு, "அது தொந்தரவுன்னு கழட்டிட்டோம்" என்றால் இலவசமா கொடுத்தாலும் வேண்டாம். பெயர் தெரியாத மலிவு மெஷின் புதுசா வாங்கினாலும் மேலே சொன்ன அதே சோதனைகள்தான்.

21)
வாங்கியாச்சு. இனி உங்க உடம்பு.

சங்கிலியைக் கூர் தீட்டியே வைங்க. மரத்தூள் மாவு மாதிரி வந்தால் மொக்கை, சீவல் சீவலா வந்தால் கூர். மொக்கைச் சங்கிலி அதிர்வையும் கூட்டும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் கையைச் சூடாக்கிய பிறகே ஆரம்பிங்க, கையுறை போடுங்க. அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்துங்க. வேலை முடிஞ்ச பிறகும் விரல் மரத்தே இருந்தால், குளிரில் வெளுத்தால், டாக்டரிடம் "நான் செயின்சா பிடிக்கிறேன்" என்று சேர்த்துச் சொல்லுங்க. நீங்க சொல்லாவிட்டால் அது யாருக்கும் தோணாது.

22)
சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் கட்டாயம். போன செவித்திறன் திரும்பாது. கண் கண்ணாடி, பூட்ஸ், செயின்சாவுக்கென்றே உள்ள கால்காப்பு போடுங்க. அந்தத் துணியின் இழைகள் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்திவிடும். லுங்கி, தோளில் துண்டு வேண்டவே வேண்டாம்.

இடது கட்டைவிரல் முன் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்கணும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீங்க. தனியா போகாதீங்க.

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் நேராக அழுத்திப் பிடிங்க, எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்க.

23)
பழைய மெஷின் வாங்குவதில் எந்த அவமானமும் இல்லை. நல்லா பார்த்து வாங்கினால் புதுசை விட நல்லாவே உழைக்கும். ஆனா அதில் இருக்கும் அந்த ரப்பர் துண்டும் பிரேக்கும் கம்பெனிக்காரர் அழகுக்கு வைத்தது இல்லை. ஹொக்கைடோவிலும் ஃபின்லாந்திலும் யாரோ விரலைக் கொடுத்த பிறகு வந்தவை. அதுக்கான விலையை அவங்க கட்டியாச்சு. ரெண்டாயிரம் ரூபாய் மிச்சம்னு நீங்க மறுபடியும் கட்டாதீங்க.

விறகு அறுக்கும் உங்க மாமா, சித்தப்பா, பக்கத்துத் தோட்டத்து அண்ணன் யாராவது இருந்தால் இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க.