கண்ணில் பட்ட நெல் சொணையும், பூஞ்சைகளை வகை பிரித்த மனிதரும்

1/ தை மாசம். எங்க புதுக்கோட்டை பக்கம் அறுவடை நேரம். "கண்ணுல நெல்லுச் சொணை பட்டுருச்சு சார், நாலு நாளா உறுத்துது" என்று யாராவது வந்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். கருவிழியில் வெள்ளையாகப் புண் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம்.

2/ புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வளர்த்தும் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வார்த்தை வரும்: ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ், சில நேரம் கர்வுலேரியா. எல்லாமே வயலிலும் மண்ணிலும் கிடப்பவை. இதையெல்லாம் யார் உட்கார்ந்து பிரிச்சாங்க? அதில் ஒருவர் நம்ம சென்னையில் இருந்தார்.

3/ சி.வி.சுப்பிரமணியன். 1924இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்.சதாசிவனின் மாணவர். பருத்தியை வாட வைக்கும் ஃபுசேரியத்தில்தான் தொடங்கினார்.

4/ பிறகு காய்ந்த இலை, புல், சருகு என்று நாம் மிதித்துவிட்டுப் போகிற எல்லாவற்றிலும் பூஞ்சை தேடினார். மெட்ராஸ் பூஞ்சைகள் பற்றித் தொடராக எழுதினார். 1953இல் வந்தது கர்வுலேரியா பற்றியது. அந்தப் பேரை வைத்தவர் அவர் இல்லை. அந்தப் பேருக்குள் எது எதுன்னு பிரித்துக் காட்டினார்.

5/ அப்போது ஒரு சிக்கல் இருந்தது. இத்தாலியின் சக்கார்டோ காலத்திலிருந்து, வித்தின் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்தே பூஞ்சையைப் பிரித்தார்கள். காய்ச்சல் 102 இருந்தா எல்லாம் ஒரே நோய்னு சொல்ற மாதிரி! 1953இல் கனடாவின் ஹியூஸ், வித்து எப்படி உருவாகிறது என்று பாருங்கள் என்றார். அந்த வழியில் சுப்பிரமணியன் 1962இல் ஒரு புதிய வகைப்பாட்டையே முன்வைத்தார்.

6/ 1971இல் வந்தது அவருடைய 'ஹைஃபோமைசீட்ஸ்'. இந்திய இனங்களுக்கு 900 பக்கத்துக்கு மேல். புதிய பேரினங்களுக்கு அவர் வைத்த பேர்களைப் பாருங்க: வக்ரபீஜா (வளைந்த விதை), குடிலகேசா (சுருட்டை முடி), அர்த்தசந்திரா (அரைநிலா). லத்தீன் மட்டுமே ஓடிய இடத்தில் நம்ம ஊர்ச் சொற்கள்!

7/ 1965இல் பட்நாகர் விருது. 1977 முதல் 1983 வரை உலகப் பூஞ்சையியல் சங்கத்தின் தலைவர். 2016இல் மறைந்தார்.

8/ இப்போது டிஎன்ஏ வந்து பல பேர்களை மாற்றிவிட்டது. இருக்கட்டும். சருகில் இருப்பதை ஒருவர் பொறுமையாகப் பார்த்து வைத்ததால்தான், கண்ணில் வந்ததும் இன்று நமக்கு அடையாளம் தெரிகிறது. பாக்டீரியா மருந்து பூஞ்சையிடம் பலிக்காது. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான சொட்டு மருந்து.

9/ அதனால் ஒரு வேண்டுகோள். கண்ணில் சொணை, வைக்கோல், இலை பட்டால் தாய்ப்பால் விடாதீங்க, விளக்கெண்ணெய் விடாதீங்க. மெடிக்கலில் நீங்களே சொட்டு மருந்து வாங்காதீங்க. அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். உறுத்தல் நிக்கலைன்னா மறுநாளே அரசு மருத்துவமனை கண் பிரிவுக்கு வாங்க. நாலு நாள் காத்திருக்க வேண்டாம்.