பெற்றோர் என்கிற ஒற்றைச் சொல்

"பெத்தவங்க கையெழுத்து இல்லாம கல்யாணத்தப் பதியக் கூடாதுங்க. அப்படி ஒரு சட்டம் வந்தாச் சரியாப் போயிரும்" என்றார் சங்ககிரிப் பக்கத்து டீக்கடையில் ஒருவர். கெட்ட மனிதரல்ல, வளர்ந்த மகளை வைத்துக்கொண்டு பயந்துபோயிருப்பவர். 2025 நவம்பரில் டெக்சாஸ் மாநில மக்கள் வாக்களித்துப் பெற்றோர் உரிமையைத் தங்கள் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். நம் மாநிலங்களுக்குத் தனி அரசியல் சட்டம் கிடையாது, திருத்துவதென்றால் நாடாளுமன்றம்தான். அப்படியொரு திருத்தம் இங்கே வந்தால் அது யாருடைய உரிமையைக் காக்கும்? எங்கள் சேலம், நாமக்கல் சீமையின் வரலாற்றை வைத்தே இதைக் கேட்டுப் பார்க்கிறேன்.

ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், அந்நகராட்சியின் தலைவராக இருந்தவர், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர். முதலமைச்சராக 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டப்படி கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் அப்பன் தொழில். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்றார்கள். எதிர்ப்பு முற்றி 1954இல் ராஜாஜி விலக, காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. அந்தச் சொல்லாடலில் குடும்பம்தான் குழந்தையின் முதல் பள்ளி. ஆனால் 'எம் புள்ள செருப்புத் தைக்க வேண்டாம், படிக்கட்டும்' என்று நினைத்த தகப்பனின் விருப்பம் பெற்றோர் உரிமைக் கணக்கில் வரவேயில்லை. சாதியின் விருப்பமே பெற்றோர் விருப்பமாகப் பேசப்பட்டது.

அடுத்தது 1992. பெண் சிசுக்கொலைக்காகச் சேலத்தின் பெயர் அடிபட்ட காலம். ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. வேண்டாத குழந்தையைப் பெயர் சொல்லாமல் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகலாம். அரசு வளர்க்கும், தத்துக் கொடுக்கும். உயிர் பிழைத்த குழந்தைகளுக்காக அந்தத் தொட்டிலை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் அரசே தகப்பனாக வந்து நின்ற அந்த இடத்தில், குழந்தையை 'வேண்டாம்' என்றது யார் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் அப்பத்தாளுக்கு ஐந்து பிரசவம், நான்கு பிள்ளைகள். ஐந்தாவதைப் பற்றி அவள் பேசியது ஒரே ஒரு முறை: "அது பொட்டப்புள்ள சாமி. என்ன எவன் கேட்டான்?" பெற்றவள் அவள். உரிமை வேறு யாரிடமோ இருந்தது.

2015 ஜூன் 23. ஓமலூர்க்காரரான கோகுல்ராஜ் என்கிற தலித் பொறியியல் பட்டதாரி, திருச்செங்கோடு மலைக்கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த பின் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். ஒரு சாதிப் பேரவையின் தலைவர் யுவராஜ் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்று 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் அந்தப் பெண்ணின் பெற்றோர் இல்லை. அவர்களுக்குப் பதிலாகச் சாதியே பெற்றோராகிக் கொன்றது. மகனுக்காக ஏழாண்டுகள் கோர்ட்டுக்கு அலைந்த கோகுல்ராஜின் தாயும் பெற்றோர்தானே? பெற்றோர் சம்மதம் கேட்டு மேடையேறுகிறவர்களின் நினைவில் அவர் ஏன் வருவதேயில்லை?

சேலத்தில் ஹோமியோபதி படித்த ஹாதியாவின் வழக்கும் இதையேதான் கேட்கிறது. வயதுவந்த பெண் தானே தேர்ந்துகொண்ட திருமணத்தை, தகப்பனின் மனுவின் பேரில் 2017இல் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

நமது அரசியல் சட்டம் குழந்தை வளர்ப்போரிடம் என்ன பேசுகிறது? அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் சிறுவருக்கு மதபோதனை கொடுக்கக் காப்பாளர் சம்மதம் வேண்டும் என்கிறது பிரிவு 28(3). 2002இன் 86ஆவது திருத்தம் சேர்த்த 51A(k) பெற்றோருக்குக் கடமையைச் சொல்கிறது: 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் படிக்க வை. 1956இன் இந்து இளவர் காப்பாண்மைச் சட்டமோ இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவனுக்குப் 'பின்' தாய் என்றது. அந்தப் 'பின்' என்பதற்கு அவன் செத்த பின் என்று மட்டும் பொருளல்ல எனச் சொல்லவைக்க, எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1999வரை வழக்காட வேண்டியிருந்தது.

பெற்றோர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தாயும் தகப்பனும் சமமாக இல்லை; இருவர் தலைக்கு மேலும் சாதி உட்கார்ந்திருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் எழுதப்படும் எந்தத் திருத்தமும் சாதிக்கே போய்ச் சேரும். டீக்கடைக்காரரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "உங்க கையெழுத்துங்களா, வீட்டம்மா கையெழுத்துங்களா?" டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊருக்கும் ஒரு வார்த்தை சொல்லோணுமில்லீங்க."