உத்தரமேரூரில் உறவுக்கு இட்ட வேலி

தாம்பரத்தில் பேருந்து ஏறிச் செங்கற்பட்டில் இறங்கி, வேறொன்றில் மாறித் தென்மேற்கே சென்றால், ஒரு முற்பகலுக்குள் உத்தரமேரூரை அடைந்துவிடலாம். பேருந்து நிலையத்திற்கு அருகிலேயே வைகுந்தப் பெருமாள் கோயில் உள்ளது. அதன் மண்டபத்து அடித்தளச் சுவரில், முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 921) பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகளைக் காணலாம். குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் பருவத்திலேயே நாம் அனைவரும் படித்திருக்கிறோம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் இவ்வூரின் பெயர் ஒலித்தது. ஆயினும் மேடைகளில் பேசப்படுவது குடமும் ஓலையுமே. அக்கல்வெட்டில் நீண்டு கிடக்கும் உறவுமுறைப் பட்டியலைப் பற்றி அதிகம் பேசுவார் இல்லை. நான் எழுத விரும்புவது அதைப் பற்றியே.

இவ்வட்டத்துக் கவிஞர்களுக்கு ஒன்றை இடையில் நினைவூட்டலாம். குடவோலை சோழர் காலத்துப் புதுமையன்று. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார், களத்தில் இறந்தோரின் குடரைப் பருந்துகள் பிடுங்குவதற்கு, கயிற்றால் பிணித்த குடத்தினின்று பொறியை நீக்கி ஓலையை எடுப்போரை உவமையாக்கியிருக்கிறார். உவமை கொடியது. ஆனால் கேட்போர் அறியாத ஒன்றைப் புலவர் உவமையாகச் சொல்ல மாட்டார். அவ்வழக்கம் அன்றே ஊரறிந்ததாய் இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இனிக் கல்வெட்டுக்கு வருவோம். ஊர்ச்சபையின் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினரைத் தெரிவதற்கு 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதி வகுத்தது. அதில் உறவைப் பற்றி ஒரு தொடரே உண்டு. வாரியம் செய்து ஒழிந்த பெருமக்களுக்கு ‘அணைய பந்துக்கள்’ அல்லாதாராய் இருக்கவேண்டும் என்பது அது. நெருங்கிய சுற்றத்தார் என்று பொருள். எவ்வளவு நெருக்கம், யார் யார் சுற்றம் என்பதை அது விளக்கவில்லை.

இரண்டே ஆண்டுகளில் விதி திருத்தப்பட்டது. ஏன் என்று கல்வெட்டு கூறவில்லை. எனினும் திருத்தத்தைப் படிப்பவர் ஓரளவு ஊகிக்கலாம். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ‘அணைய பந்துக்கள்’ என்ற பொதுச்சொல் மறைந்து, உறவுகள் ஒவ்வொன்றாய் எண்ணப்படுகின்றன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவனின் பெயர் ஓலையில் எழுதப்படாது. அவனுடைய சிற்றவை பேரவை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தான், தகப்பனுடன் பிறந்தான், தன்னுடன் பிறந்தான், பெண் கொடுத்த மாமனார், மனைவியுடன் பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாளின் மக்கள், மகளை மணந்த மருமகன், தகப்பன், மகன் என இவர்களுடைய பெயரும் எழுதப்படாது. சின்னம்மா, பெரியம்மா, அத்தை, மாமன், மைத்துனன் என்று நாம் கலியாணப் பத்திரிகை கொடுக்கச் செல்லும் வீடுகள் அத்தனையும் அதில் அடங்கிவிட்டன. ‘நெருங்கிய உறவா? அவன் எனக்கு ஒன்றுவிட்ட முறைதானே’ என்று சபையில் எவனோ ஒருவன் வாதாடியிருக்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவ்வாதத்திற்கு விடையாகவே இப்பட்டியல் எழுந்தது போலும்.

இங்கு ஒரு திருத்தமும் கூறவேண்டும். பதவியில் இருந்தோரின் உறவினர் எவரும் பதவிக்கு வரக்கூடாது என்பதே உத்தரமேரூர் விதி என்று சொற்பொழிவுகளில் கேட்கிறோம். முதற் கல்வெட்டு அதற்கு ஓரளவு இடந்தருகிறது. இரண்டாவது கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. அது விலக்குவது, கணக்குக் காட்டாதவனையும் அவன் சுற்றத்தையுமே. கணக்கை ஒழுங்காக ஒப்படைத்தவனின் தம்பிக்கு அத்தடை இல்லை. பெண் கொடுத்தும் எடுத்தும் ஒருவர்க்கொருவர் உறவினராய் வாழும் பிரமதேயச் சிற்றூரில், உறவையே முழுதும் விலக்கினால் குடத்தில் இடுவதற்கு ஓலை மிஞ்சுமா? உறவு குற்றமன்று, கணக்கு மறைந்த இடத்தில் உறவு குற்றத்திற்குத் துணையாகும் என்று அச்சபையார் கண்டனர் எனக் கொள்ளலாம். பணத்தை விழுங்கியவன் தான் வெளியேறி மைத்துனனை உள்ளே அனுப்பினால், அடுத்த ஆண்டும் அக்கணக்கு வெளிவராது. அவ்வழியைத்தான் அடைத்தார்கள். மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவனும் கூடாது என்ற விதி தனியே உண்டு.

ஓலை எடுக்கும் முறையிலும் அதே ஐயுறவு தெரிகிறது. முப்பது குடும்புகளுக்கும் தனித்தனியே பெயரெழுதிக் கட்டி, வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவர். இளைஞரும் முதியோருமாய்ச் சபை கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கி நிற்பார். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் அதை வாங்கவேண்டும். அவன் படித்தபின் நம்பிமார் அனைவரும் படிப்பர். விரல் மடங்கியிருந்தால் வேறோர் ஓலை உள்ளே ஒளிந்திருக்கலாம் அன்றோ! அரசன் ஆணைப்படி வந்திருந்த அதிகாரி சோமாசிப் பெருமான் முன்னிலையில், தீயோர் கெட்டு ஏனையோர் வாழ்வதற்காக இவ்வியவஸ்தை செய்தோம் என்று சபையார் கூறுகின்றனர்.

இதையெல்லாம் இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிட்டுப் பெருமிதம் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இறை செலுத்தும் கால்வேலி நிலத்துக்கு மேல் உடையவன், சொந்த மனையில் வீடு கட்டியவன், வேதம் கற்றவன், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்டவன் என்ற வேலிக்கு வெளியே உழுதவரும் நெய்தவரும் நின்றனர். பெண்களின் பெயர் ஒன்றும் ஓலையில் ஏறவில்லை. உறவுப் பட்டியலைப் பாருங்கள்: தாய், அத்தை, மனைவி, உடன்பிறந்தாள், மகள் என்று பெண்களின் வழியாகவே பெரும்பாலான முறைகள் எண்ணப்படுகின்றன. தடையைக் கணக்கிட மட்டும் அவர்கள் வேண்டியிருந்தனர்.

கணக்கனைப் பற்றிய விதியே இக்கல்வெட்டில் என்னை மிகவும் கவர்ந்தது. தான் எழுதிய கணக்கைத் தானே பெருங்குறிப் பெருமக்களிடம் காட்டித் தூயவன் எனப்பட்ட பின்னரே ஒருவன் மீண்டும் கணக்கெழுதலாம். அவன் கணக்கை முடித்துத்தர வேறொரு கணக்கனை வைக்கலாகாது. இவ்விதியை வகுத்த நாட்டிலேதான் பிற்காலத்தில் கர்ணம் பதவி தகப்பனிடமிருந்து மகனுக்குச் சென்றது. அதற்கு ஆங்கில ஆட்சி 1895இல் சட்டமும் இயற்றியது. சென்னை மாகாணமே இந்திய மாகாணங்களுள் முதன்முதலாக 1929இல் சட்டம் இயற்றிப் பணியாளர் தேர்வாணையம் கண்டது. அரசுப் பதவிக்குத் தேர்வு வந்துவிட்டது. ஊர்க் கணக்கோ வீட்டுக்குள்ளேயே இருந்தது. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு வமிசத்தைக் காரணமாகக் கொண்டு அரசு வேலையில் வேறுபாடு காட்டலாகாது என்றது. 1961ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் இடம்பெற்றுள்ள ஓர் ஆந்திரச் சிற்றூரின் முன்சீபு வழக்கில், அவ் 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் பரம்பரை விதியை உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு, பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. வழக்குத் தொடுத்தோர் 1982இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றனர். அதன்பின் கிராம நிர்வாக அலுவலர் தேர்வெழுதி வந்தார். ‘கணக்கப்பிள்ளை வீடு’ என்று ஒரு வீட்டையே சுட்டும் வழக்கு, எங்கள் தெருவில் அதற்குப் பின்னும் நெடுநாள் நீடித்தது.

ஒப்பந்தங்களின் கதை இன்னும் பிந்தியது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல்தான் வந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளோடு ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் மாநகராட்சி ஆயின. இப்போது வார்டுகள் எழுபது. செம்பாக்கம் ஏரியும் சிட்லபாக்கம் ஏரியும் சேலையூர் ஏரியும் அவற்றினிடையே கிடக்கின்றன. உத்தரமேரூரார் தம் வயிரமேகத் தடாகத்தை ஏரி வாரியத்திடம் ஒப்படைத்தபோது அதில் ஆறு பேர் இருந்தனர். 360 நாளில் அவர்கள் பணி முடிந்தது. இங்குத் தூர் வாரும் வேலை யாருக்குக் கிடைத்தது என்று அறிய விரும்புவோர் அறிவிப்பையும் ஆவணத்தையும் கேட்டுப் பெறலாம். பெற்றவரின் சிற்றவை பேரவை மக்கள் யார் என்பது அந்த ஆவணத்தில் இராது.

கல்வெட்டைப் பார்த்துத் திரும்பும் வழியில் உடன்வந்த இளங்கவிஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: ‘ஐயா, குடத்தில் கைவிட்ட அந்தச் சிறுவன் யார் வீட்டுப் பிள்ளை?’ கல்வெட்டில் அதற்கு விடை இல்லை. செங்கற்பட்டு வரும்வரை நாங்கள் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.