எப்ஸ்டீன் விவகாரம்: அமெரிக்கக் கட்சி அரசியலில்

எப்ஸ்டீன் விவகாரம் என்பது, சிறுமியரைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிய நிதித்துறைச் செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீனுடன் (1953–2019) அரசியல் தலைவர்கள் கொண்டிருந்த பழக்கம் குறித்து அமெரிக்காவின் குடியரசு, ஜனநாயகக் கட்சியினரிடையே தொடர்ந்துவரும் சர்ச்சையைக் குறிக்கும். அவருடைய விமானத்தில் டொனால்டு டிரம்ப் 1990களிலும் பில் கிளிண்டன் 2002, 2003 ஆம் ஆண்டுகளிலும் பயணம் செய்தது விமானியின் குறிப்பேடுகளால் அறியப்படுகிறது. தவறு எதுவும் செய்யவில்லை என்று இருவரும் கூறியுள்ளனர்; இதன் தொடர்பில் இவ்விருவர்மீதும் வழக்குப் பதிவாகவில்லை. டிரம்ப்–எப்ஸ்டீன் நட்பு முறிந்ததற்கு 2004 இல் நடந்த மாளிகை ஏலப் போட்டியே காரணம் என்று சிலரும், தம் விடுதி ஊழியர்களை எப்ஸ்டீன் கவர்ந்துகொண்டதே காரணம் என்று டிரம்பும் கூறுவர்.

இவ்வரலாற்றில் மிக விரிவான ஆவணங்கள் கிடைப்பது 2005 முதல் 2008 வரையிலான காலத்திற்கே. புளோரிடாவின் பாம் பீச் நகரில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் குடும்பத்தார் 2005 மார்ச்சில் புகார் அளித்ததும், காவலர்கள் எப்ஸ்டீன் வீட்டுக் குப்பையைச் சோதித்துப் பெயர்களும் தொலைபேசி எண்களும் எழுதிய சீட்டுகளைக் கைப்பற்றினர். கால்பந்து இருப்பதால் ஒரு பெண்ணால் மாலை 7 மணிக்கு வர இயலாது என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தது. அங்கே அழைக்கப்பட்டவர்கள் பள்ளி வயதினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆயினும் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த உள்ளூர் அரசு வழக்கறிஞர் பாரி கிரிஷர் வழக்கைப் பெருநடுவர் குழுவிடம், அதாவது குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் உண்டா என்று ஆராயும் குடிமக்கள் குழுவிடம், கொண்டுசென்றபோது 2006 இல் ஒரேயொரு குற்றச்சாட்டே பதிவாயிற்று. குடியரசுக் கட்சி ஆட்சியில் நியமனம் பெற்ற கூட்டரசு வழக்கறிஞர் அலெக்சாண்டர் அகோஸ்டாவின் அலுவலகமோ, 60 குற்றச்சாட்டுகள் அடங்கிய வரைவு ஆயத்தமாகியிருந்தும், 2007 செப்டம்பரில் வழக்குத் தொடராமை உடன்படிக்கை செய்துகொண்டது; இது மாநிலச் சட்டப்படி குற்றத்தை ஒப்புக்கொண்டால் கூட்டரசு வழக்கைக் கைவிடும் ஏற்பாடு. பாதிக்கப்பட்டோருக்கு இது அப்போது தெரிவிக்கப்படவில்லை. 18 மாதத் தண்டனை பெற்ற எப்ஸ்டீன் ஏறத்தாழ 13 மாதங்களே காவலில் இருந்தார். அக்காலத்திலும் வாரம் ஆறு நாள் தம் அலுவலகத்துக்குப் போய்வர அனுமதி பெற்றிருந்தார். இரு கட்சியினரும் கைவைத்த இந்தக் கோப்பைப் பிற்காலத்தில் ஒவ்வொரு தரப்பும் மற்றதன் குற்றமாகவே பேசியது.

2017 இல் அகோஸ்டாவைத் தொழிலாளர் துறைச் செயலாளராக மேலவை 60–38 வாக்குகளில் ஏற்றது. அந்த உடன்படிக்கை குறித்து மயாமி ஹெரால்டு நாளிதழ் 2018 நவம்பரில் வெளியிட்ட புலனாய்வுத் தொடரை அடுத்து 2019 ஜூலையில் எப்ஸ்டீன் மீண்டும் கைதானதும் அகோஸ்டா பதவி விலகினார். ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க் சிறையில் நிகழ்ந்த எப்ஸ்டீனின் இறப்பை மருத்துவ ஆய்வாளர் தற்கொலை என முடிவு செய்தார். இதை ஏற்காதோர் இரு கட்சிகளிலும் உள்ளனர்.

எப்ஸ்டீனிடம் இருந்ததாகப் பேசப்பட்ட ‘வாடிக்கையாளர் பட்டியல்’ எதுவும் இல்லை என்று நீதித்துறை 2025 ஜூலையில் அறிவித்தபின் சர்ச்சை ஆளும் குடியரசுக் கட்சிக்குள்ளேயே வெடித்தது. ஆவணங்களை வெளியிடக் கோரும் சட்டம் கீழவையில் 427–1 என நிறைவேறி நவம்பர் 19 அன்று டிரம்பின் கையொப்பம் பெற்றது. அரசியல் சங்கடத்தையோ நற்பெயருக்கு நேரும் கேட்டையோ காட்டி எந்த ஆவணத்தையும் மறைக்கக் கூடாது என விதிக்கும் அச்சட்டம், பாதிக்கப்பட்டோரின் அடையாள விவரங்களை நீக்க அனுமதிக்கிறது.