கே.ஜி. வகுப்பும் ஒரு குளிர்காலக் கதையும்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்ற சொற்கள் தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் புழங்குகின்றன. அதிலுள்ள 'கே.ஜி.' எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்கள் குறைவு. 'கிண்டர்கார்டன்' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம்தான் அது. குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். சொல் மட்டும் கப்பலேறி வந்துவிட்டது. அதன் பின்னால் இருக்கும் கதை வரவில்லை!

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டிசம்பர் பிறந்துவிட்டால் சின்னக் குழந்தைகளை வெளியே விட முடியாது. நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர்கள் உண்டு. மூன்று, நான்கு வயதுக் குழந்தையை வீட்டுக்குள் என்ன செய்வது? காகிதத்தை மடித்துக் கத்தரித்து வெண்பனிப் பூ செய்வார்கள், பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்வார்கள், மாவைப் பிசைந்து நட்சத்திர பிஸ்கட் சுடுவார்கள், கிறிஸ்துமசுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவார்கள். பார்ப்பதற்கு வெறும் பொழுதுபோக்கு. ஆனால் இதற்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு அரசாங்கத் தடை இருக்கிறது, குழந்தைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், லாபமே வராத ஒரு வியாபாரமும் இருக்கிறது.

தாயில்லாப் பிள்ளை

ஃபிரெடெரிக் ஃப்ரோபெல் 1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் ஓபர்வைஸ்பாக் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். ஒரு வயது நிறைவதற்குள் அம்மா இறந்துவிட்டார். பிறகு வந்த சித்திக்குச் சொந்தக் குழந்தை பிறந்ததும் இவர் மீதிருந்த அக்கறை போய்விட்டது. தனியாகவே விளையாடி வளர்ந்த பிள்ளை. பத்து வயதில்தான் மாமா வீட்டில் கொஞ்சம் அன்பு கிடைத்தது.

வளர்ந்த பிறகு பல வேலைகள் பார்த்தார். அதில் முக்கியமானது பெர்லினில் பேராசிரியர் வைஸ் என்பவரிடம் கனிமப் படிகங்களை வகைப்படுத்தும் வேலை. ஒழுங்கற்றதாகத் தெரியும் கல்லுக்குள் கோணம் மாறாத ஒரு ஒழுங்கு இருப்பதை அங்கே தினமும் பார்த்தார். குழந்தைக்குள்ளும் அப்படி ஒரு ஒழுங்கு இருக்கிறது, அது தானாக வெளிவர வாய்ப்புக் கொடுத்தால் போதும் என்பது அவருடைய எண்ணமாக வளர்ந்தது.

1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கினார். 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். பாடப்புத்தகம் கிடையாது. கம்பளி நூல் பந்துகள், மர உருண்டை, உருளை, கனசதுரம் ஆகியவற்றை 'பரிசுகள்' என்று அழைத்தார். அதன்பின் 'கைவேலைகள்': காகிதம் மடித்தல், கத்தரித்தல், காகிதப் பட்டைகளைப் பாய் போலப் பின்னுதல், ஊசியால் குத்திப் படம் வரைதல், களிமண் பிசைதல், ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைச் செருகி வீடு கட்டுதல். பட்டாணி காய்ந்ததும் குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும்!

1844-ல் தாய்மார்கள் வீட்டிலேயே குழந்தையோடு பாடி விளையாடுவதற்கென்று ஒரு பாட்டுப் புத்தகமும் வெளியிட்டார். தாயின் மடி கிடைக்காத ஒருவர் ஊரிலுள்ள தாய்மார்களுக்கெல்லாம் எழுதிய புத்தகம் அது. இன்று குளிர்காலக் கைவேலை என்று செய்யப்படுவதில் பெரும்பகுதி இந்தப் பட்டியலிலிருந்து வந்ததுதான். நான்கு காகிதப் பட்டைகளைப் பின்னிச் செய்யும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு ஜெர்மனியில் ஃப்ரோபெல் நட்சத்திரம் என்றே பெயர். அதைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

அதே மலை, வேறு கைகள்

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஃப்ரோபெல் பிறந்த அதே துரிங்கியா மலைப்பகுதியில்தான் சொன்னபர்க் நகரமும் லவுஷா என்ற ஊரும் இருக்கின்றன. சொன்னபர்க் பொம்மைக்குப் பேர்போனது. லவுஷா கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிக் குண்டுகளுக்குப் பேர்போனது. உலகச் சந்தைக்கே சரக்கு அனுப்பிய ஊர்கள். ஆனால் சரக்கில் பெரும்பகுதி தொழிற்சாலையில் தயாராகவில்லை, வீட்டில் தயாரானது.

வியாபாரி ஆர்டர் கொடுப்பார். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. அப்பா கண்ணாடியை ஊதுவார், அம்மா உள்ளே வெள்ளிப்பூச்சு ஏற்றுவார், பிள்ளைகள் மூடி மாட்டி, பெட்டியில் அடுக்குவார்கள். பொம்மை செய்யும் வீடுகளிலும் அப்படியே. காகிதக்கூழை அச்சில் அழுத்துவது, ஒட்டுவது, வண்ணம் பூசுவது எல்லாவற்றிலும் குழந்தைகளின் கை இருந்தது. கூலி குறைவு என்பதால் வீட்டில் எல்லாரும் உழைத்தால்தான் அடுப்பெரியும். வேறு நாட்டுக் குழந்தைகள் டிசம்பரில் அந்தப் பொம்மைகளோடு விளையாடின.

பசையும் காகிதமும் வண்ணமும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கிண்டர்கார்டனில் குழந்தை செய்ததைக் கலைத்துவிட்டு மறுபடி செய்யலாம். சொன்னபர்க் வீட்டில் கலைத்தால் கூலி போய்விடும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எவ்வளவு பெரிய வித்தியாசம்!

ஜெர்மனியில் 1903-ல் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சொந்தப் பெற்றோரிடமே வீட்டில் வேலை செய்யும் குழந்தைகளையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடப்பதை அதிகாரி போய்ப் பார்ப்பது கஷ்டம்தான். ஆனாலும் வீட்டுக்குள் நடப்பதும் உழைப்புதான் என்று சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய மாற்றம்.

எண்ணச் சொல்லித் தந்த மெழுகுவர்த்தி, காத்திருக்கச் சொல்லித் தந்த பிஸ்கட்

குளிர்காலத்தில் குழந்தைகள் ஓயாமல் கேட்கும் கேள்வி "கிறிஸ்துமஸ் எப்போ வரும்?" என்பது. ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்பவர் 1833 முதல் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்தினார். 1839-ல் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கண்டுபிடித்தார். பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் சாதாரண நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகள், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள். தினம் ஒன்றை ஏற்றினால் மிச்சம் எத்தனை நாள் என்று பிள்ளைகளே எண்ணிக்கொள்ளலாம். கணக்குப் பாடமும் ஆயிற்று, இருட்டு மாதத்தில் வெளிச்சமும் ஆயிற்று. இன்று கிறிஸ்தவ வீடுகளில் காணும் நான்கு மெழுகுவர்த்தி வளையத்தின் மூலம் இதுதான்.

அடுத்தது ஒரு அம்மாவின் யோசனை. 1881-ல் மவுல்பிரான் என்ற ஊரில் பிறந்த கெர்ஹார்ட் லாங், சிறுவனாக இருந்தபோது கிறிஸ்துமஸ் வரை பொறுக்க மாட்டாமல் நச்சரிப்பாராம். அவருடைய அம்மா ஒரு அட்டையில் 24 சின்ன பிஸ்கட்டுகளை வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒன்றுதான் சாப்பிடலாம்! பெரியவனாகி அச்சுத் தொழிலுக்கு வந்த லாங் அதை மறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக்கிலிருந்து அவர் வெளியிட்ட நாள்காட்டியில் 24 படங்கள் இருந்தன. தினம் ஒரு படத்தைக் குழந்தை கத்தரித்து எடுத்து, அதற்குரிய இடத்தில் ஒட்ட வேண்டும். அதாவது அந்த நாள்காட்டியே ஒரு கைவேலைதான். கதவு திறந்து பார்க்கும் மாதிரி பிறகுதான் வந்தது.

1903 சட்டம் வந்த அதே காலகட்டம் இது. ஒரு பக்கம் குழந்தையின் கையிலிருந்து பசைக் கிண்ணத்தை வாங்கி வைக்கச் சட்டம் முயல்கிறது. இன்னொரு பக்கம் ஒரு அச்சக முதலாளி கத்தரிக்கோலையும் பசையையும் விளையாட்டாகக் குழந்தையிடம் கொடுக்கிறார்.

இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாட்டால் இந்த நாள்காட்டிகள் நின்றுபோயின. 1946-ல் ஸ்டுட்கார்ட் நகரில் ரிச்சர்ட் செல்மர் என்பவர் மறுபடி அச்சிட்டார். போரில் இடிந்து கிடந்த நாட்டில் அவர் வெளியிட்ட முதல் படம், ஜன்னல்களைத் திறந்து பார்க்கும்படியான ஒரு சின்ன ஊர்.

பந்துக்கும் காகிதத்துக்கும் தடை

மறுபடி ஃப்ரோபெல் கதைக்கு வருவோம். 1851 ஆகஸ்ட் 7 அன்று பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் குழந்தைகளுக்குள் விதைக்கின்றன என்பது குற்றச்சாட்டு. 1848 புரட்சிக்குப் பிறகு எதைக் கண்டாலும் அரசு பயந்த காலம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் பெண்கள் கல்வி பற்றி எழுதிய நூலையும் இவருடைய வேலையையும் அரசாங்கம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டது. விளக்கம் சொல்லியும் பயனில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் 70 வயதில் ஃப்ரோபெல் இறந்தார். 1860-ல் தடை நீங்கியதைப் பார்க்க அவர் இல்லை.

அவரிடம் பயின்ற பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மார்கரெத்தா ஷுர்ஸ். புரட்சியில் பங்கெடுத்து நாட்டைவிட்டு ஓடிய கார்ல் ஷுர்ஸை மணந்து அமெரிக்கா போனவர். 1856-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில், தன் மகளையும் உறவினர் குழந்தைகள் சிலரையும் வைத்துத் தன் வீட்டிலேயே கிண்டர்கார்டன் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டன் என்று சொல்லப்படுவது இதுதான். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும் பிரதேசம் அது.

ஷுர்ஸ் மூலம் விஷயம் தெரிந்துகொண்ட எலிசபெத் பீபாடி 1860-ல் பாஸ்டனில் ஆங்கிலக் கிண்டர்கார்டனைத் தொடங்கினார். 1869-ல் அவருடைய பேச்சைக் கேட்டவர் மில்டன் பிராட்லி. அட்டை விளையாட்டுகள் அச்சிட்டு விற்றவர். அவர் வண்ணக் காகிதச் சதுரங்கள், மரக்கட்டைகள், பின்னல் பட்டைகள் எல்லாவற்றையும் பெட்டியாகத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். பல ஆண்டுகள் லாபமில்லை. கூட்டாளிகளுக்கும் இதில் விருப்பமில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. இன்று கடைகளில் குவிந்திருக்கும் 'கைவேலைப் பெட்டி' வியாபாரத்துக்கு முன்னோடிகளில் ஒருவர், கணக்குப் புத்தகத்தில் நஷ்டத்தை எழுதியபடியே அதைத் தொடர்ந்தவர்!

ஆறு கரங்கள்

குழந்தைகள் வெட்டும் காகிதப் பனிப்பூவில் பெரும்பாலும் நான்கு கரமோ எட்டுக் கரமோ இருக்கும். மடிப்பது சுலபம் என்பதால். உண்மையான வெண்பனிப் படிகத்துக்கு ஆறு கரங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயியின் மகன், 14 வயது வரை அம்மாவிடம் வீட்டிலேயே படித்தவன். அம்மா முன்பு ஆசிரியையாக இருந்தவர். அவர் கொடுத்த பழைய நுண்ணோக்கியில் பனியைப் பார்த்தே குளிர்காலங்களைக் கழித்தான். 1885 ஜனவரி 15 அன்று, 19 வயதில், ஒரு பனிப்படிகத்தை நுண்ணோக்கி வழியாகப் புகைப்படம் எடுத்தான். வாழ்நாளில் 5000-க்கும் மேல் எடுத்தார். குளிர்காலத்தில் பிள்ளையை வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விக்கு ஒரு அம்மா கொடுத்த பதில், அறிவியலுக்கே பயன்பட்டது.

பனி விழாத ஊரில்

கடைசியாகச் சென்னை. 1893-ல் அன்றைய மெட்ராசில் தி. சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பு மூலம் வடிவியல் கற்பிக்கும் ஒரு ஆங்கில நூலை வெளியிட்டார். வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். இந்த எண்ணம் தனக்கு எப்படி வந்தது என்று முன்னுரையில் சொல்கிறார்: கிண்டர்கார்டனின் எட்டாம் எண் பரிசிலிருந்து! 200 வண்ணக் காகிதச் சதுரங்களும் மடிக்கும் குறிப்புகளும் அடங்கிய பெட்டி அது. மழலைகளுக்கான அந்தக் காகிதத்தை மடித்தே ஐங்கோணம், அறுகோணம் தொடங்கி வளைகோடுகள் வரை போனார். ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் இதைக் குறிப்பிட்டார். 1901-ல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. துரிங்கியாவிலிருந்து கிளம்பிய காகிதச் சதுரம் மெட்ராஸ் வந்து, கணிதமாக மாறி, மறுபடி ஜெர்மனிக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்று பெட்டி பெட்டியாகச் சாமான்கள் கிடைக்கின்றன. வாங்கித் தப்பில்லை. ஆனால் இந்தக் கதையில் வரும் வண்டிச் சக்கரமும், அட்டையில் தைத்த பிஸ்கட்டும், ஊறவைத்த பட்டாணியும் வீட்டிலிருந்த பொருட்கள்தான். குழந்தை செய்ததை விலைக்கு விற்க வேண்டிய அவசியமில்லாத வீடும், கோணலாக வெட்டினாலும் கோபப்படாமல் பக்கத்தில் உட்கார ஒரு பெரியவரும் வேண்டும். ஓபர்வைஸ்பாக் பாதிரியார் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது அந்தப் பெரியவர்தான். சொன்னபர்க் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனது அந்த வீடு.